கண்ணாடி ஏற்றாத வண்டி

திருட்டு நடந்த பட்டறைக்குள் நுழைந்ததும் அண்ணி முதலில் தேடியது ஒரு நாற்காலியை.

குதிகால் வலி காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்ததில் அது முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. இந்த வயதில் திருடனைக் கண்டுபிடிப்பதைவிட நல்ல செருப்பு ஒன்றைக் கண்டுபிடித்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றி வெகு நாளாகிறது. ஆனாலும் போன் அடித்தால் எடுத்துத் தொலைக்கிறாள், என்ன செய்ய!

துப்பறியும் தொழிலில் இருப்பவளுக்கு அண்ணி என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்காதவர் இல்லை. உதவிக்கு அவள் வைத்துக்கொண்டது கணவனின் தங்கையை. நாத்தனார் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட, கேஸ் கொண்டுவருகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கைதான மோசடிக்காரன் ஒருவன்கூட, "போயிட்டு வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் போலீஸ் ஜீப்பில் ஏறினான்.

பட்டறைக்காரரான டிங்கர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அண்ணி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பார்த்தாள்.

பழைய காலத்துப் பிக்கப். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி அதிகம் கெடவில்லை. அடி முழுவதையும் வாங்கியது முன்னால் ஆள் உட்காரும் கேபின். நசுங்கிய கூரையைச் சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தியிருந்தார் டிங்கர். துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்திருந்தார். ஒரு பக்கம் பட்டி பார்த்துச் சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தது. இன்னொரு பக்கம் இன்னும் கசங்கியே கிடந்தது.

"பாதி மேக்கப்புல எழுந்து வந்த மாதிரி இருக்கு," என்றாள் நாத்தனார். "சரி, என்னங்க காணாமப் போச்சு?"

"கதவுங்க. டிரைவர் பக்கத்துக் கதவு."

"இதோ இருக்கே?"

"அது நான் வேற வண்டியிலேர்ந்து கொண்டுவந்த நல்ல கதவு. காணாமப் போனது பழசு. நசுங்கி, துருப்பிடிச்சு, ஒண்ணுத்துக்கும் ஆகாதது. நேத்து மத்தியானம் நாங்க பின்னாடி சாப்பிட்டுட்டு இருந்தப்ப வந்திருக்கான். நல்ல கதவை விட்டுட்டான், பேட்டரியை விட்டுட்டான், செம்பு ரேடியேட்டரை விட்டுட்டான். அந்தக் குப்பையை மட்டும் தூக்கிட்டுப் போயிருக்கான்."

"ரொம்ப நல்ல திருடனா இருக்கானே! நம்ம வீட்டுக்கு அனுப்பி வைங்க. எங்க அண்ணனைத் தூக்கிட்டுப் போகட்டும்."

"உன் அண்ணனைத் தூக்க வேன் பத்தாது," என்றாள் அண்ணி சிரிக்காமல்.

ஓரமாக நின்றிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள்தான் போன் செய்தவள், வண்டிக்காரரின் மகள். வேலைக்கு நடுவே ஓடி வந்திருக்கிறாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"ஒரு ஓட்டைக் கதவுக்காகவா உங்களைக் கூப்பிட்டேன்னு நினைக்காதீங்க அண்ணி," என்றாள். "எங்கப்பா இந்த வண்டியிலதான் மரம் ஏத்திட்டுப் போவார். பன்னெண்டு வருஷம் முன்னாடி கவுந்துச்சு. பக்கத்துல உட்கார்ந்திருந்த எங்க மாமா, அத்தை வீட்டுக்காரர், அங்கேயே போயிட்டார். நான்தான் ஓட்டினேன், என் தப்புதான்னு அப்பா ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போனார். அன்னைக்கு விட்டதுதான். அத்தை எங்க வாசப்படி மிதிக்கல. அப்பாவுக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி."

"அப்பா இப்ப?"

"பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. ஒரு கை மட்டும்தான் அசையும். அந்தக் கையால ஜன்னல் வழியா இந்த வண்டியையே காட்டிட்டு இருந்தார். அதான் எடுத்துச் சரி பண்ணக் கொடுத்தேன். இனிமே அதிக நாள் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்." அவள் ஆபீஸ் அட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "போறதுக்குள்ள அத்தை ஒரு தடவை வந்து பார்த்துட்டா போதும் அண்ணி. வேற எதுவும் வேண்டாம். அந்த நேரம் பார்த்து இந்தக் கதவு காணாமப் போகுது. ஏதோ இருக்குன்னு மனசு அடிச்சுக்குது."

அண்ணி பெருமூச்சு விட்டாள். கதவு என்று சொல்லிக் கூப்பிடுகிறார்கள், வந்து பார்த்தால் ஒரு குடும்பமே நசுங்கிக் கிடக்கிறது. எந்தக் கேஸ்தான் அப்படி இல்லை?

"நேத்து நீங்க சாப்பிடப் போனப்ப வண்டி எப்படி இருந்தது?" என்று டிங்கரைக் கேட்டாள்.

"திறந்துதான். வேலை பாதியில இருந்தது."

"திரும்பி வந்தப்ப?"

டிங்கர் தலையைச் சொறிந்தார். "தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு. நாலு மூலையும் இழுத்துக் கட்டி. மழை வந்துச்சா, பெயிண்டர்தான் மூடியிருப்பார்னு நினைச்சேன். அவரைக் கேட்டா, நான் உங்ககூடதானே சாப்பிட்டேன்னு சொல்றார்."

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திருட வந்தவன் வண்டி நனையாம மூடிட்டுப் போயிருக்கான்," என்றாள் நாத்தனார். "அடுத்த தடவை வந்தா கூட்டிப் பெருக்கிட்டுப் போவான் போல."

"வந்தது வண்டி மேல பாசம் இருக்கிற ஆள்," என்றாள் அண்ணி. "இல்ல, வண்டிக்காரர் மேல. அந்தக் கதவுல விசேஷமா எதையாவது பார்த்தீங்களா?"

"ஒண்ணு பார்த்தேங்க. உள் தகட்டைக் கழட்டினேன். கண்ணாடியை ஏத்தி இறக்கற கம்பி மேலேயே சிக்கிக் கிடந்துச்சு. அப்படின்னா கவுந்தப்ப கண்ணாடி முழுசா ஏத்தியிருந்திருக்கு. சாதாரண விஷயம்தான். ஆனா பாப்பாகிட்ட சொன்னதும் முகம் மாறிடுச்சு."

மகள் ஆமாம் என்று தலையசைத்தாள். "அந்தக் கதவு உள்ளேர்ந்து திறக்காது அண்ணி. உள் கைப்பிடி நான் பிறக்கறதுக்கு முன்னாடியே உடைஞ்சு விழுந்துடுச்சாம். அப்பா மாத்தவே இல்ல. ஜன்னல் வழியா கையை வெளிய விட்டு, வெளிப்பக்கமாத் திறந்துதான் இறங்குவார். அதனால கண்ணாடியை ஏத்தவே மாட்டார். மழைன்னா தோள்ல ஒரு துண்டைப் போட்டுப்பார். வீட்டுக்கு வர்றப்ப ஒரு பக்கத் தோள் மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும். அம்மா திட்டிட்டே துவட்டி விடுவாங்க."

"அன்னைக்கும் மழையா?"

"நல்ல மழை."

அண்ணி வண்டியின் திறந்த வாயைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஏற்றாத கண்ணாடியை அன்றைக்கு மட்டும் ஏற்றியது யார்? அந்த வண்டியின் குணம் தெரியாத யாரோ. ஓட்டியது அப்பா இல்லை.

"கண்ணாடி ஏறியிருந்த விஷயத்தை யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல." மகள் தயங்கினாள். "அத்தைக்குப் போட்டோ அனுப்பினேன். வண்டி வேலை நடக்க நடக்க அனுப்பிட்டே இருப்பேன். பதில் வராது. ஆனா பார்த்துடுவாங்க. முந்தாநாள் அந்தக் கதவை அனுப்பி, 'அத்தை, அப்பா கண்ணாடியை ஏத்த மாட்டார்ல, இது எப்படி ஏறியிருக்கு'ன்னு கேட்டிருந்தேன்."

"அத்தை வீடு எங்க?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி செருப்பைத் தேடினாள். ஒன்று ஸ்டூலுக்கு அடியில் போயிருந்தது.

மகளை அப்பாவிடம் அனுப்பிவிட்டு, அண்ணியும் நாத்தனாரும் வாடகைக் கார் பிடித்தார்கள். தூறல் வலுத்ததும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "கண்ணாடியை ஏத்துங்கம்மா, சீட்டு நனையுது," என்றார். நாத்தனார் ஏற்றினாள்.

"அண்ணி, எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஓட்டினது செத்துப்போன மாமா. அவர் பேர் கெடக் கூடாதுன்னு அப்பா பழியை ஏத்துக்கிட்டார். போட்டோவைப் பார்த்ததும் அத்தைக்கு விஷயம் புரிஞ்சிடுச்சு. புருஷன் மானம் போயிடுமேன்னு கதவைத் தூக்கிட்டாங்க. நான் சம்பள உயர்வு கேக்கல, ஒரு பாராட்டு போதும்."

"நல்லா இருக்கு," என்றாள் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு. அவளுக்கும் அதுவே தோன்றியது. அது சரியாக இருந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைக்கலாம்.

காரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மாடி ஏறினார்கள். இரண்டாவது மாடி. லிப்ட் இல்லை. இருந்தால்தான் ஆச்சரியம்.

அத்தை ஒரு தையல் மிஷினின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிஷின் அறையின் நட்டநடுவில் இருந்தது. ஏனென்றால் நான்கு ஜன்னலும் மழையில் ஆவென்று திறந்து கிடந்தன. ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே பழைய துணி சுருட்டி வைத்திருந்தது, தண்ணீர் ஓடிவராமல் இருக்க. வாசல் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. குளியலறைக்குக் கதவே இல்லை, ஒரு திரைதான்.

"மழைக்கு இந்த வீட்டுல ரேஷன் கார்டு இருக்கும் போல," என்று நாத்தனார் காதோரம் முணுமுணுத்தாள்.

அத்தைக்குக் கேட்டுவிட்டது. "சாத்தினா மூச்சு முட்டும்," என்றாள் வெடுக்கென்று. "என்ன வேணும் உங்களுக்கு?"

"உங்க அண்ணன் வண்டிக் கதவு."

"எனக்கு அண்ணன் யாரும் இல்ல."

"இல்லாத அண்ணன் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினீங்களே, அதுக்காகக் கேட்டேன்," என்றாள் அண்ணி. ஓர் ஓரத்தில் துணி மூட்டை மேல் தானாகவே உட்கார்ந்துகொண்டாள். "பாருங்கம்மா, எனக்குக் கால் வலி. சுத்தி வளைக்கத் தெம்பு இல்ல. கண்ணாடி ஏறியிருந்தது. அதனால ஓட்டினது உங்க அண்ணன் இல்ல. உங்க வீட்டுக்காரர். அப்படித்தானே?"

அத்தையின் கை மிஷின் சக்கரத்தில் நின்றது. ஒரு கணம்தான்.

"ஆமா," என்றாள். "அவர்தான் ஓட்டினார். தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல? கதவு கட்டிலுக்குப் பின்னாடி இருக்கு. எடுத்துட்டுப் போங்க. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க."

நாத்தனாருக்கு முகமெல்லாம் பல். அத்தை அதைக் கொண்டுவரப் பிடித்த வேன்காரர் சாக்கில் சுற்றிக் கொடுத்திருந்த கதவை இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படியில் இறக்கினார்கள். முதல் திருப்பத்திலேயே அண்ணிக்குக் குதிகால் சுரீர் என்றது. கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேஸ் முடிஞ்சு போச்சு, இங்கயே குடியிருக்கப் போறீங்களா?"

"சும்மா இருடி." அண்ணி மேலே பார்த்தாள். "ஒரு பொம்பளை, செத்துப்போன புருஷன் மானத்தைக் காப்பாத்த நசுங்கின கதவைத் திருடறா. அப்புறம் நாம கேட்ட உடனே, 'ஆமா, அவர்தான், ஊருக்கே சொல்லுங்க'ன்னு தூக்கிக் கொடுக்கறா. இது என்ன கணக்கு?"

நாத்தனார் சாக்கை விலக்கி, கதவை மறுபடி பார்த்தாள்.

மாடிப்படி ஜன்னல் வழியாகச் சாரல் அண்ணியின் கழுத்தில் விழுந்தது. சாத்தலாம் என்று கையை நீட்டினாள். அதற்கும் கதவு இல்லை. கீலோடு கழற்றி எடுத்திருந்தார்கள்.

அவள் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அடக் கடவுளே! எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இறங்கிய படியை எல்லாம் மறுபடி ஏறினாள்.

அத்தை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மிஷின் ஓடவில்லை.

"ஓட்டினது உங்க வீட்டுக்காரர்னா," என்று கேட்டாள் அண்ணி, மெதுவாக, "நீங்க எதுக்கும்மா பன்னெண்டு வருஷமா ஒரு ஜன்னலைக்கூட சாத்தறதில்ல?"

அத்தை மிஷினிலிருந்த துணியை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"வண்டியில ரெண்டு பேர்தான் இருந்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. மூணாவது ஆள் இருந்தது உங்க அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். இல்லையா?"

அத்தை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு, அடிவயிற்றிலிருந்து அழுதாள். நாத்தனார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"சின்னதுலேர்ந்து கேட்டுட்டே இருப்பேன், அண்ணா ஒரு தடவை ஓட்டறேன்னு," என்றாள் அத்தை. "உனக்குக் கால் எட்டாதுன்னு சிரிப்பான். அன்னைக்குப் பள்ளிக்கூடம் போற பையனை மாமியார்கிட்ட விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் வெளியூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மரம் இறக்கிட்டு அந்தப் பக்கமா வந்தவன் எங்களைப் பஸ் ஏத்திவிடக் கூட்டிட்டுப் போனான். ரோடு காலியா இருந்துச்சு. சரி, ஓட்டுன்னான். மழை மேல அடிச்சுதுன்னு நான் கண்ணாடியை ஏத்தினேன். ஏத்தாதேன்னு அவன் சொல்றதுக்குள்ள வளைவு வந்துடுச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "கவுந்ததும் கதவைத் திறக்கப் பார்க்கறேன், கைப்பிடியே இல்ல. கண்ணாடியும் இறங்கல. அந்தப் பக்கம் அவர் என்னைக் கூப்பிட்டுட்டே இருந்தார். அப்புறம் கூப்பிடல. அண்ணன்தான் முன் கண்ணாடி வழியா என்னை வெளிய இழுத்துப் போட்டான்."

"உங்க அண்ணன்தான் போகச் சொன்னாரா?"

"'பையனுக்கு அப்பன் போயாச்சு, ஆத்தாளும் ஜெயிலுக்குப் போகணுமா? நீ இந்த வண்டியிலயே வரல, போ'ன்னு பிடிச்சுத் தள்ளினான். போயிட்டேன். ஜெயில்ல ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கல. எந்த முகத்தோட போறது? புருஷனைக் கொன்னவனை அவ எப்படிப் பார்ப்பான்னு ஊரே எனக்காக நியாயம் பேசிச்சு. எனக்கு அது சௌகரியமாப் போச்சு. என் பையனும் அதையே நம்பி வளர்ந்துட்டான். மாமா பேரைக் கேட்டாலே எழுந்து போயிடுவான். கண்ணாடி ஏறியிருந்தது வெளிய தெரிஞ்சா, அப்ப ஓட்டினது யாருன்னு அவன் கேட்டுடுவானோன்னுதான் கதவைத் தூக்கிட்டு வந்தேன். இப்பகூட, பாருங்க, செத்த மனுஷன் மேல பழியைப் போட்டேன். அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது."

அண்ணிக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

"என்னைக் கதவைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. கண்டுபிடிச்சாச்சு. மத்ததை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. அடுத்தவங்க வீட்டு விஷயத்தைச் சுமந்து சுமந்து எனக்கு அலுத்துப்போச்சு. ஆனா உங்க அண்ணனுக்கு நாள் இல்லம்மா. கீழே கார் நிக்குது."

"என்னைப் பார்த்தா அவனுக்குக் கோபம் வராதா?"

"படுக்கையில கிடந்துக்கிட்டு அந்த வண்டியையே கை காட்டிட்டு இருந்தாராம். கோபக்காரர் செய்யற வேலையா அது?"

அத்தை எழுந்தாள். போனை எடுத்தாள். மறுமுனையில் மகன் என்று தெரிந்தது. "வேலை முடிஞ்சதும் மாமா வீட்டுக்கு வாடா... ஆமா, மாமா வீட்டுக்குத்தான்... நான் அங்கதான் இருப்பேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான்தான் சொல்லணும். வா." அவன் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாள்.

கதவு காரின் மேல் ஏறியது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கதவு கிடைத்ததை நாத்தனார் மெசேஜில் சொல்லியிருந்தாள். போகிற வழியில் டிங்கர் போன் செய்தார்.

"அண்ணி, கதவு கிடைச்சுடுச்சாமே! நல்லதாப் போச்சு. ஒரு சந்தேகம். புதுக் கதவுல உள் கைப்பிடி இருக்கு. அப்படியே விடட்டுமா, இல்ல அவர் பழக்கத்துக்குக் கழட்டிடட்டுமா?"

அண்ணி அத்தையைப் பார்த்தாள்.

"விடச் சொல்லுங்க," என்றாள் அத்தை. "நல்லா இறுக்கி முடுக்கச் சொல்லுங்க."

மழை கொட்டியது. டிரைவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, "யம்மா, அந்தப் பக்கம் கண்ணாடியை ஏத்துங்க, சீட்டெல்லாம் நனையுது," என்றார்.

அத்தையின் விரல்கள் புடவை நுனியை இறுக்கிப் பிடித்தன. நாத்தனார் முந்திக்கொண்டாள். "நனையட்டும்ணே. இறங்கறப்ப நானே துடைச்சு விடறேன்."

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். அத்தையைக் கண்டதும் "அத்தே!" என்று அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. அத்தை அவள் தலையைத் தொட்டுவிட்டு நிற்காமல் உள்ளே போனாள். அண்ணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி அங்கே அவளுக்கு வேலை இல்லை. ஆனாலும் கால் நகரவில்லை.

கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பினார். வாய் கோணி ஏதோ சொல்லப் பார்த்தது, வரவில்லை. அத்தை கட்டிலோரம் மண்டியிட்டாள். "அண்ணா," என்றாள்.

அவருடைய நல்ல கை மெதுவாக எழுந்தது. அவள் தலைக்குப் போகும் என்று அண்ணி நினைத்தாள். போகவில்லை. ஜன்னல் பக்கமாக இருந்து சொட்டச் சொட்ட நனைந்திருந்த அவள் தோளில் போய் நின்றது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணையோரம் கிடந்த துண்டை இழுத்து, அந்தத் தோளைத் துவட்ட ஆரம்பித்தார்.